23 ஸ்கிரிப்டுகளும் ஒரே கோப்புறையும்

பாமினி, டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களில், அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளில், தட்டெழுதப்பட்ட தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சிறிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதைப் பயன்படுத்துவோர் அதிகம் இல்லை. ஆனால் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாள் எழுத்தை அதன் வழியாகக் கடத்துகிறவர்கள். அவர்களில் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒரு நாள் காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அவுட்புட் கோப்புறை இருக்கு, ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை, நான் சொன்னால் திரும்ப வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

நடந்தது இதுதான். அவர் தொண்ணூறுகளில் பாமினியில் தட்டெழுதி வைத்திருந்த நாற்பது கட்டுரைகளை எங்கள் மென்பொருளைக் கொண்டு மாற்றியிருந்தார். மாற்றப்பட்ட கோப்புகள் அவுட்புட் என்னும் கோப்புறையில் விழும். அவற்றை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே திறந்து, மூன்று வாரம் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தியிருக்கிறார். பிறகு, கட்டளைகளைப் பேரன் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பார்த்து முனையத்தில் (கட்டளைகளைத் தட்டெழுதி இயக்கும் திரையில்) எங்கள் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையைத் திறந்தபோது, அங்கே 'கிளீன்' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த சிறு நிரல், இருப்பதைக் கண்டு அதை இயக்கிவிட்டார்.

அந்த ஸ்கிரிப்டில் மூன்றே வரிகள். முதல் வரி திட்டத்தின் மேல் அடைவுக்கு, அதாவது முதன்மைக் கோப்புறைக்கு, போகும், இரண்டாம் வரி அவுட்புட் கோப்புறையை உள்ளிருப்பவற்றோடு அழிக்கும், மூன்றாம் வரி அதே பெயரில் வெற்றுக் கோப்புறையை உருவாக்கும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பழைய முடிவுகள் குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக எனக்கென்று நான் எழுதிக்கொண்டது அது. கேள்வி கேட்காது, எச்சரிக்காது. நாளொன்றுக்கு இருபது முறை இயக்குகிறவனுக்குக் கேள்வி இடைஞ்சல் என்று நினைத்து அப்படி எழுதினேன்.

"கிளீன்னு பேரு இருந்ததே தம்பி, மாத்தினதுல தங்கியிருக்கிற குப்பை எழுத்தையெல்லாம் அது எடுத்துவிடும்னு நெனச்சேன்" என்று அவர் சொன்னபோது என்னால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. பாமினியிலிருந்து மாற்றுகிறவர்களுக்குக் குப்பை எழுத்து என்பது அன்றாடத் தொல்லை. அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருக்கும். புள்ளி என்பது கோப்பில் ஓர் அரைப்புள்ளி. கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால் அதையும் தமிழாக நினைத்து மாற்றி, பொருளற்ற எழுத்துக்கூட்டம் ஒன்றை மென்பொருள் விட்டுச் செல்லும். அதைச் சுத்தம் செய்ய ஒரு கட்டளை இருக்கும் என்று எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயமான எதிர்பார்ப்பு. மூலக் கோப்புகள் அவரிடம் பத்திரமாக இருந்ததால் கட்டுரைகளை மறுபடி மாற்ற முடிந்தது. மூன்று வாரத் திருத்தங்கள் மட்டும் திரும்பவில்லை.

அன்று இரவு அந்த ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையைத் திறந்து எண்ணினேன். 23 கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஏன், எப்போது எழுதினேன் என்பது எனக்கு நினைவில் இருந்தது. அந்த நினைவைக் கொண்டுதான் அதுவரை அந்தக் கோப்புறையை நான் படித்து வந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆசிரியருக்கு அந்த நினைவு கிடையாது. அவருக்குக் கிடைத்தவை பெயரும் இடமும் மட்டுமே. எங்கள் அறிமுகக் கோப்போ, ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ளவற்றை இயக்கிப் பயன்படுத்தலாம் என்று ஒரே வரியில் சொல்லியிருந்தது. கோப்புகளை மாற்றும் ஸ்கிரிப்ட், எழுத்துருவைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட், பதிப்பு வெளியிடும் ஸ்கிரிப்ட், சோதனைத் தரவை உருவாக்கும் ஸ்கிரிப்ட், வேறொரு ஸ்கிரிப்ட் மட்டுமே அழைக்கும் துணை ஸ்கிரிப்ட் எல்லாம் அகரவரிசையில் அருகருகே நின்றன. அகரவரிசைக்கு எது யாருக்கானது என்று தெரியாது.

இந்தக் கேள்வி புதிதன்று. யூனிக்ஸ் இயக்குதள மரபில் இதற்கான விடை அடைவுகளின் பெயரிலேயே இருக்கிறது. பின் (bin) என்னும் அடைவில் எல்லாப் பயனர்களுக்குமான கட்டளைகள் இருக்கும், எஸ்பின் அடைவில் கணினியை நிருவகிப்பவருக்கான கட்டளைகள். இவற்றோடு பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளையின் வழியில் வந்த லிப்எக்செக் என்ற அடைவும் உண்டு. 2015இல் வெளிவந்த கோப்பு அடைவுத் தரநிலையின் 3.0 பதிப்பு அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பயனர்களோ, முனையத்தின் கட்டளைமொழியான ஷெல்லில் எழுதிய ஸ்கிரிப்டுகளோ நேரடியாக இயக்குவதற்காக அல்லாத உள் நிரல்கள் அங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இயக்கக்கூடிய கோப்பு என்பதாலேயே ஒன்று பயனருக்குரிய கட்டளை ஆகிவிடாது என்ற தெளிவு அந்த ஒரு வரியில் இருக்கிறது. நிரலைத் தொகுக்க உதவும் ஆட்டோமேக் கருவியிலும் இதே பிரிவைக் காணலாம். அதில் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் பட்டியலிடும்போதே அது பின் அடைவுக்கா, லிப்எக்செக் அடைவுக்கா, எங்கும் நிறுவப்படக் கூடாததா என்று முன்னொட்டால் சொல்லியாக வேண்டும். நான் அந்தக் கருவியைப் பல ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்தியபோது, அந்த முன்னொட்டுகளை வெறும் சடங்கு என்று நினைத்தேன். எழுதும்போதே 'இது யாருக்கு' என்ற கேள்விக்கு விடை சொல்ல வைக்கும் ஒழுங்கு அது என்று இப்போது மதிக்கிறேன்.

ஆனால் நெடுநாள் ஓடிவிட்ட திட்டம் ஒன்று இந்தப் பிரிவைப் பிற்பாடு கொண்டுவர முயன்றால் என்ன ஆகும் என்பதை அறிய, நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றைப் போல் வேறொன்று எனக்கு உதவவில்லை. 2005 ஏப்ரலில் லினஸ் டொர்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் அது சிறு சிறு நிரல்களின் தொகுப்பாக இருந்தது. பல சி மொழியில் எழுதப்பட்டவை, மற்றவை ஷெல் ஸ்கிரிப்டுகளும் பெர்ல் ஸ்கிரிப்டுகளும். கிட்-ஆட், கிட்-கமிட் என்று இடைக்கோடு போட்ட பெயரோடு ஒவ்வொன்றும் தனிக்கோப்பாகப் பின் அடைவில் நிறுவப்பட்டது. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. முனையத்தில் கிட் என்று தட்டி இடைக்கோடு போட்டுத் தத்தல் (டேப்) விசையை அழுத்தினால் அன்றாடம் தேவைப்படுபவையும், வேறு ஸ்கிரிப்டுகளுக்கு மட்டுமே தேவைப்படுபவையும் ஒரே பட்டியலாகத் திரையை நிறைக்கும். அந்த இரண்டு வகைகளுக்கும் கிட் சமூகத்தில் அப்போதே பெயர் உண்டு. பயனர் கைபடும் கட்டளைகளைப் பீங்கான் என்றும், சுவருக்குள் ஓடும் கட்டளைகளைக் குழாய் என்றும் குளியலறையை வைத்துச் சொல்வார்கள். பெயரளவில் பிரிவு இருந்தது. கோப்புகள் மட்டும் ஒரே இடத்தில் இருந்தன.

இடைக்கோடு போட்டு அழைப்பதை விட்டுவிட்டு, கிட் என்று எழுதி இடைவெளி விட்டு அடுத்த சொல்லை எழுதுங்கள் என்ற அறிவுரை 2006 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 2008 பிப்ரவரியில் வந்த 1.5.4 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு, 1.6.0 பதிப்பிலிருந்து இந்தக் கட்டளைகள் வழக்கமான தேடுபாதைக்கு (தட்டிய கட்டளையைக் கணினி தேடும் அடைவுகளின் பட்டியலுக்கு) வெளியே போய்விடும் என்று முறையாக அறிவித்தது. 2008 ஆகஸ்டில் 1.6.0 வந்தது, சொன்னபடியே பெரும்பாலான கோப்புகள் லிப்எக்செக் அடைவுக்குள் கிட்-கோர் என்ற இடத்துக்குப் போயின. இரண்டரை ஆண்டு முன்னறிவிப்புக்குப் பிறகும் பலர் அதிர்ச்சியடைந்தனர். விரல்களுக்குப் பழகிய கட்டளை காணாமற்போனது என்றும், தம் ஸ்கிரிப்டுகள் உடைந்தன என்றும் முறையிட்டனர். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கிறவர்கள் சிலர், கட்டளையைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் என்பதால் அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது.

அந்த இடமாற்றத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, எவற்றை அவர்கள் நகர்த்தவில்லை என்பது. கிட்-அப்லோட்-பேக், கிட்-ரிசீவ்-பேக் ஆகிய இரண்டும் இன்றும் பின் அடைவில் இருக்கின்றன. எந்த மனிதரும் அவற்றைக் கையால் தட்டுவது அரிது. ஆனால் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கோப்புகளைப் பெறும்போதும் அனுப்பும்போதும், தொலைவிலுள்ள கணினியில் அந்தப் பெயரைத்தான் கிட் அழைக்கிறது. அங்கே பழைய பதிப்பு இருக்கலாம், இங்கே புதிய பதிப்பு இருக்கலாம். பெயரும் இடமும் மாறினால் உரையாடல் அறுந்துபோகும். ஆகவே 'பயனருக்குரியது' என்பதற்கு 'மனிதர் தட்டுவது' என்று பொருள் கொண்டால் தவறிவிடுவோம். நம் களஞ்சியத்துக்கு (திட்டத்தின் கோப்புத் தொகுப்புக்கு) வெளியே இருந்து யார் அழைத்தாலும், அவர் மனிதரோ இன்னொரு இயந்திரமோ, அந்தக் கட்டளை வெளியாருக்குரியதுதான்.

பழைய பெயர்களை விட முடியாதவர்களுக்கும் கிட் ஒரு வழி வைத்திருந்தது. உள் கட்டளைகள் இருக்கும் இடத்தைக் கேட்டுப் பெற எக்செக்-பாத் என்ற தெரிவு (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் விருப்பச் சொல்) உண்டு, அந்த இடத்தைத் தம் ஸ்கிரிப்டின் தேடுபாதையில் சேர்த்துக்கொண்டால் பழைய பெயர்களே வேலை செய்யும். உள்ளுக்குள் மட்டும் பயன்படும் துணை நிரல்களுக்கு இரட்டை இடைக்கோடு இட்டுப் பெயர் வைக்கும் வழக்கமும் அங்கே உருவானது. சப்மாட்யூல் என்பதற்குப் பின் இரண்டு கோடுகளும் ஹெல்ப்பர் என்ற சொல்லும் இருந்தால், 'இதை நீங்கள் அழைக்க வேண்டாம்' என்று அந்தப் பெயரே சொல்லிவிடும்.

எங்கள் 23 கோப்புகளுக்கு வருகிறேன். முதலில் இரண்டு குவியலாகப் பிரிக்க முயன்றேன், பயனருக்கு உரியவை, எனக்கு உரியவை என்று. அரை மணி நேரத்தில் அது போதாது என்று தெரிந்தது. திட்டத்துக்குப் பங்களிக்க வருகிறவர் என்று மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சூழலை அமைக்கும் ஸ்கிரிப்டும் சோதனையை இயக்கும் ஸ்கிரிப்டும் வேண்டும், ஆனால் ஆசிரியரைப் போன்ற பயனருக்கு அவை கண்ணில்கூடப் படக் கூடாது. லினக்ஸ் இயக்குதளத்தின் மையமான கருநிரலில் ஸ்கிரிப்ட்ஸ் என்ற அடைவு இந்த மூன்றாமவருக்கும் தொகுப்புப் பணிக்கும்தான் இருக்கிறது. ஒட்டுநிரல் (நிரலுக்கான திருத்தம்) அனுப்புமுன் அதன் வடிவத்தைச் சரிபார்க்கும் செக்பேட்ச், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கெட்-மெயின்டெய்னர் ஆகியவை அங்கே இருக்கின்றன. பயனர் பக்கத்தில் இயங்கும் வேகத்தை அளக்கும் பெர்ஃப் போன்ற கருவிகள் டூல்ஸ் என்னும் வேறோர் அடைவில் உள்ளன. கிட்ஹப் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஒரு வழக்குமுறையும் பங்களிப்பாளரை மனத்தில் வைத்ததுதான். எந்தத் திட்டத்துக்குள் நுழைந்தாலும் பூட்ஸ்ட்ராப், செட்டப், டெஸ்ட் என்று ஒரே பெயர்களில் ஸ்கிரிப்டுகள் இருந்தால், புதிதாக வருகிறவர் எதையும் தேட வேண்டியதில்லை என்பது அதன் எண்ணம்.

ஆகவே மூன்று இடங்களை வகுத்தேன். பின் அடைவில் நான்கே கட்டளைகள். டெவ் அடைவில் பங்களிப்பாளருக்கும் எனக்குமான பதினொன்று. பிற ஸ்கிரிப்டுகள் மட்டும் அழைக்கும் துணைகள் ஐந்து, லிப்எக்செக் அடைவில். மீதி மூன்றை அழித்தேன், அவற்றை இரண்டு ஆண்டாக யாருமே, நான்கூட, இயக்கியிருக்கவில்லை. பயனர் நிறுவிக்கொள்ளும் பொதியில் டெவ் அடைவு இடம்பெறாது. களஞ்சியத்தை முழுமையாக எடுக்கிறவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

பின் அடைவில் உள்ளவற்றுக்குப் பெயரின் இறுதியிலிருந்த பின்னொட்டையும் நீக்கினேன். தேடுபாதையில் நிறுவப்படும் ஸ்கிரிப்டின் பெயரில், அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்று காட்டும் பின்னொட்டு இருக்கலாகாது என்று டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் கொள்கைக் கையேடு சொல்கிறது. அதன் காரணத்தை நான் அனுபவத்தில் படித்தவன். எங்கள் மாற்று ஸ்கிரிப்ட் முதலில் ஷெல்லில் இருந்தது. யூனிகோடில் மெய்யெழுத்து முதலில் வந்து உயிர்க்குறி அடுத்து வர வேண்டும், பழைய எழுத்துருக்களிலோ 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும். அந்த வரிசை மாற்றத்தை ஷெல்லில் செய்து செய்து அலுத்துப் பைத்தான் மொழிக்கு மாறினேன். பெயர் மட்டும் ஷெல் பின்னொட்டோடு நின்றுவிட்டது, ஏனெனில் அதற்குள் பலர் வீட்டுத் தாள்களில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியரின் பேரன் எழுதிய தாளிலும் அதுவே இருந்தது. உள்ளே பைத்தான், வெளியே ஷெல்லின் பெயர் என்ற அந்தப் பொய்யை மூன்று ஆண்டு சுமந்தேன்.

கிளீன் ஸ்கிரிப்டுக்குப் பெயரும் நடத்தையும் மாறின. இப்போது அதன் பெயர் 'சோதனை முடிவுகளை அழி' என்று பொருள்படும்படி நீளமாக இருக்கிறது. சோதனைகள் தற்காலிக அடைவு ஒன்றில் எழுதுகின்றன, இந்த ஸ்கிரிப்ட் அந்த அடைவைத் தவிர வேறெதையும் தொடாது. இயல்பாக இயக்கினால் எவை அழியும் என்று பட்டியலிட்டு நின்றுவிடும், வற்புறுத்தும் தெரிவைக் கொடுத்தால்தான் அழிக்கும். கிட்டின் கிளீன் கட்டளையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது, வற்புறுத்தாமல் இயக்கினால் இயல்பமைப்பில் மறுத்துவிடும். அதைப் பல நூறு முறை பயன்படுத்தியும் அந்த மறுப்பை நான் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வகுத்தது காலப்போக்கில் கலைந்துவிடாமல் இருக்க ஒரு சோதனையும் எழுதினேன். பின் அடைவிலுள்ள ஒவ்வொரு கோப்பும் உதவித் தெரிவோடு அழைத்தால் விளக்கம் தந்து, பிழையில்லை என்று பொருள்படும் சுழியக் குறியீட்டோடு முடிய வேண்டும், அது பயனர் கையேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும், கட்டப்பட்ட பொதிக்குள் டெவ் அடைவின் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. எழுதிய மறுவாரமே அது என்னைத் தடுத்தது, அவசரத்தில் ஒரு துணை ஸ்கிரிப்டைப் பின் அடைவில் போட்டிருந்தேன்.

எதிர்பாராத சிக்கல் எழுத்துருவைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்டில் வந்தது. ஒரு கோப்பு எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்று ஊகித்து ஒரே சொல்லில் விடை சொல்வது அதன் வேலை. அதை மாற்று ஸ்கிரிப்ட் மட்டுமே அழைக்கிறது என்று நம்பி, லிப்எக்செக் அடைவுக்கு நகர்த்தினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சிறு பதிப்பகத்திலிருந்து செய்தி வந்தது. தம்மிடம் வரும் கையெழுத்துப்படிகளை அவர்கள் ஒரு கோப்புறையில் போட்டுவைப்பார்கள், குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் வழியாக ஒவ்வோர் இரவும் எங்கள் ஸ்கிரிப்ட் அவற்றைத் தரம் பிரிக்கும், அந்த வேலை நின்றுபோயிருந்தது. கையேட்டில் ஒருநாளும் சொல்லப்படாத அந்த ஸ்கிரிப்டைக் கோப்புறையில் பார்த்து, இயக்கிப் பார்த்து, தமக்குப் பயன்படுகிறது என்று கண்டு எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். நான் உறுதி எதுவும் தரவில்லை என்று வாதிடலாம். ஆனால் பயன்படுத்தலாம் என்று நானே சொன்ன கோப்புறையில் வைத்ததே ஓர் உறுதிமொழிதான் என்பது என் கருத்து, ஆகவே அதை உடைத்தவன் நான்.

உடனே பழைய இடத்தில் ஒரு சிறு உறை ஸ்கிரிப்டை வைத்தேன். அது 'இக்கட்டளை இடம் மாறிவிட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் புதிய இடத்திலுள்ளதை அழைக்கும். அந்த அவசரத்தில் இன்னொரு தவறு செய்தேன், எச்சரிக்கையை, விடை போகும் வழியான இயல்பு வெளியீட்டிலேயே எழுதிவிட்டேன். பதிப்பகத்தாரின் ஸ்கிரிப்டோ என் வெளியீட்டின் முதல் வரியைக் குறியாக்கத்தின் பெயராக எடுத்துக்கொள்வது. மறுநாள் காலை அவர்களிடம் 'இக்கட்டளை இடம் மாறிவிட்டது' என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாகி, அன்றிரவு வந்த படிகள் எல்லாம் அதற்குள் கிடந்தன. எச்சரிக்கையைப் பிழை வெளியீட்டுக்கு மாற்றியதும் சரியாயிற்று. ஒரு கட்டளை தரும் விடை மட்டுமே இயல்பு வெளியீட்டில் போக வேண்டும், மனிதருக்கான பேச்சு பிழை வெளியீட்டில் போக வேண்டும் என்ற யூனிக்ஸ் பழக்கத்தை நான் பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சொன்னவனே மறந்தேன்.

நிரலைக் கணினி இயக்கும் வடிவாக்கும் தொகுப்பிகளுக்கான எல்எல்விஎம் திட்டத்தில் இதை ஒத்த ஒன்று உண்டு. அங்கே பயனர் கருவிகள் டூல்ஸ் அடைவிலும், திட்டத்தின் உள்வேலைக்கானவை யூட்டில்ஸ் அடைவிலும் இருக்கின்றன. சோதனை வெளியீட்டை எதிர்பார்ப்போடு ஒப்பிடும் ஃபைல்செக் என்ற நிரல் யூட்டில்ஸ் அடைவில் இருப்பது, இயல்பமைப்பில் நிறுவப்படாது. ஆனால் ரஸ்ட் மொழித் தொகுப்பியின் சோதனைகளுக்கே ஃபைல்செக் தேவைப்படுகிறது, ஆகவே உள் கருவிகளையும் நிறுவச் சொல்லும் தெரிவு ஒன்றை எல்எல்விஎம் வைத்திருக்கிறது. உள்ளுக்கென்று எழுதப்பட்ட நல்ல கருவியை வெளியார் தேடி வந்து எடுத்துக்கொள்வார்கள். அப்போது அதை மறைப்பதைவிட, முறையாக வெளியே கொண்டுவந்து நிறுத்துவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

அப்படியே செய்தேன். எழுத்துருக் கண்டறியும் ஸ்கிரிப்ட் இப்போது பின் அடைவில் ஐந்தாவது கட்டளையாக, கையேட்டில் தனிப்பக்கத்தோடு இருக்கிறது. வெளியீடு ஒரே சொல், ஒரே வரி, அது மாறாது என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். விடை தெரியாவிட்டால் வெற்று வரி வராது, சுழியமல்லாத குறியீட்டோடு முடியும் என்பதையும் சேர்த்தேன்.

ஆசிரியர் தம் நாற்பது கட்டுரைகளில் இருபத்தாறை மறுபடி திருத்தி முடித்திருக்கிறார். இம்முறை கோப்புகளைத் தம் ஆவணங்கள் கோப்புறைக்கு எடுத்துச் சென்று திருத்துகிறார், அவுட்புட் கோப்புறையில் எதையும் வைப்பதில்லை. சென்ற மாதம் பேசியபோது, தங்கியிருக்கும் குப்பை எழுத்துகளை நீக்க உண்மையிலேயே ஒரு கட்டளை தர முடியுமா என்று கேட்டார். "தரேங்கய்யா" என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறேன். அது பின் அடைவுக்குப் போகும் ஆறாவது கட்டளை. மூலக் கோப்பைத் தொடாமல், திருத்திய படியைப் புதுப்பெயரில் எழுதும். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன்.